முப்பத்தொரு மில்லிமீட்டர் வெள்ளை

மாதா பிறந்தநாள் அன்று காலை எங்கள் கார் கிளம்பவில்லை. பட்டு வேட்டி கட்டியிருந்த என் மாமனார் அடைக்கலராஜ், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேருடன் சேர்ந்து தெருமுனை வரை அதைத் தள்ளினார். என் கணவர் ஆஸ்வின் ஸ்டியரிங்கில் இருந்தார். அத்தை பின்சீட்டில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் நடந்தேன். காரணம் நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கார் கூரையில் இருக்கும் சின்ன விளக்கின் சுவிட்ச் ராத்திரி முழுவதும் போட்டபடி கிடந்து, பழைய பேட்டரி இறங்கிப்போயிருக்கிறது.

அது 2012. விழுப்புரத்தில் ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. இன்வெர்ட்டரில் ஹால் ஃபேனும் டிவியும் மட்டும் ஓடும். நான் பி.எஸ்சி. இயற்பியல், பி.எட். படித்தவள். ஜூலையில் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதினேன். தேர்ச்சிக்கு நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு வேண்டும். எனக்கு எண்பத்தொன்று வந்தது. அக்டோபர் பதினான்காம் தேதி மறுதேர்வு. மாலையில் மாமா கோயிலுக்குக் கிளம்பியதும், தகரக் கொட்டகையில் நிற்கும் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து படித்தேன். கதவைச் சாத்திக்கொண்டால் வீட்டில் கூப்பிடுவது பாதிதான் கேட்கும். பிறந்தநாளுக்கு முந்தின மாலை அத்தை கூப்பிட்டது முழுசாகக் கேட்டது. எழுந்து ஓடிய அவசரத்தில் சுவிட்சை மறந்துவிட்டேன்.

பூசை முடிந்து வந்ததும் மாமா சொன்னார். "இனிமே வண்டில உக்காந்து படிக்கிறத பாத்தேன், சாவி எங்கிட்டதான் இருக்கும். எண்பத்தொண்ணு எடுத்தவளுக்கு மீதி ஒம்போது மார்க்கு வண்டிக்குள்ளயா கெடக்குது?"

அத்தை சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அன்று மத்தியானம் ஒரு கணக்குப் போட்டேன். கூரையில் இருக்கும் பல்ப் பத்து வாட். பன்னிரண்டு வோல்ட்டில் முக்கால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எல்இடி போட்டால் ஒரு வாட்டுக்கும் குறைவு. ராத்திரி முழுக்க எரிந்தாலும் காலையில் வண்டி கிளம்பும். நான் அங்கே உட்கார்ந்ததற்கு அடையாளமே இருக்காது.

சமையலறையில் வைத்து ஆஸ்வினிடம் சொன்னேன். அவர் ஒரு விதை கம்பெனிக்காகக் கண்டாச்சிபுரம், விக்கிரவாண்டி என்று தினமும் சுற்றுகிறவர். வீட்டில் யாரும் யாரோடும் சத்தம் போடக் கூடாது, அதுதான் அவருக்கு வேண்டும்.

"பல்ப் ஃப்யூஸ் ஆயிடிச்சின்னு அப்பாகிட்ட சொல்லிக்கலாம்" என்றார்.

பழைய பல்பைக் கழற்றி ஸ்கேலில் அளந்தேன். இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி வைத்த சின்னக் கண்ணாடிக் குழாய். முப்பத்தொரு மில்லிமீட்டர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் திண்டிவனத்தில் என் அம்மா வீட்டுக்குப் போனோம். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மரக்காணம் ரோட்டில் சுஃப்யானின் கடை முன்னால் ஆஸ்வின் வண்டியை நிறுத்தினார். ஆஸ்வினோடு கல்லூரியில் படித்தவர் சுஃப்யான். சொந்த ஊர் கோட்டக்குப்பம். சீட் கவர், ஹாரன், கார் பாட்டு செட் எல்லாம் அந்தக் கடையில் தொங்கும்.

"வா மச்சி. வாங்க அங்கிள். தங்கச்சி, சௌக்கியமா? ரூஃப் லைட்டா? என்னா சைஸு, முப்பத்தாறா, நாப்பத்தொண்ணா?"

ஆஸ்வின் என்னைப் பார்த்தார். "முப்பத்தொண்ணு" என்று அவர் காதுக்கு மட்டும் சொன்னேன்.

"முப்பத்தொண்ணு" என்றார் ஆஸ்வின், தானே அளந்ததுபோல.

கவுண்டரில் ஒரு பேட்டரி இருந்தது. சுஃப்யான் இரண்டு கிளிப்பை மாட்டி முதலில் வெள்ளையைக் காட்டினார்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்குதேப்பா" என்றார் மாமா.

"அதான் அங்கிள், வெள்ளைய யாரும் சீந்தறதில்ல. ஆம்புலன்ஸ்காரங்கதான் கேப்பாங்க. இந்த சைஸ்ல ஒரே ஒரு பீஸ் கீது. இத பாருங்க, இப்ப ஓடிக்கினு இருக்கறது இதான்."

நீலம் எரிந்தது. மாமா குனிந்தார்.

"டேய் ஆஸ்வின், மாதா கலருடா இது."

"சூப்பரா இருக்குதுப்பா" என்றார் ஆஸ்வின். உண்மையாகவே அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

"பொறந்தநாள் அன்னைக்கே வண்டிய தள்ளினோம். அவங்க கலரே இருந்துட்டுப் போவட்டும்" என்றார் மாமா.

"தாராளமா போடுங்க அங்கிள். உங்களுக்கு மாதான்னா எங்களுக்கு மரியம்" என்றார் சுஃப்யான்.

நான் வாயைத் திறந்தேன். "வெள்ளை..."

மூன்று பேரும் திரும்பினார்கள். பொதுவாக நான் கடைகளில் பேசுவதில்லை.

"வெள்ளையா? உனக்கு எதுக்கும்மா வெள்ளை?" என்றார் மாமா.

"அத்தைக்கு... மாத்திரை எடுக்க... நீலத்துல எல்லாம் ஒரே மாதிரி தெரியும்..."

திறந்திருந்த கார் கதவு வழியாக அத்தை தலையை நீட்டினார். "எனக்கு எதுக்குடியம்மா? ஓடற வண்டில மாத்திர முழுங்கினா வாந்திதான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆஸ்வின் என்னைப் பார்க்காமல் ஒரு ஹாரனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பல்ப் மாட்டும் ஆள் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லையாம். சுஃப்யானே காருக்குள் ஏறி, விளக்கின் மூடியைக் கழற்றி நீலத்தைப் பொருத்தினார். எரியவில்லை. எடுத்தார், ஊதினார், மறுபடியும் பொருத்தினார். எரியவில்லை.

"இன்னாப்பா, டூப்பு சரக்கா?" என்றார் மாமா.

"ஐயோ அங்கிள், அங்க எரிஞ்சத நீங்களே பாத்தீங்கல்ல."

எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய பல்பை எப்படிப் போட்டாலும் எரியும். எல்இடி அப்படியில்லை, அது டயோடு. மின்சாரம் ஒரு பக்கமாக மட்டும்தான் போகும். முனையை மாற்றிப் போட்டால் நீலம் எரிந்துவிடும். நான் பேசாமல் நின்றேன். என் வாழ்க்கையில் பேசாமல் நின்றதால் ஒரு லாபம் வரப்போவது அதுதான் முதல் தடவை.

"நேரமாவுது. வெள்ளையே போட்டுடு" என்றார் மாமா.

சுஃப்யான் வெள்ளையைப் பொருத்தினார். அதையும் அதே பக்கமாக. எரியவில்லை.

"பேஜாரு புடிச்ச வண்டி மச்சி. இதுக்கு எல்இடி ஒத்துக்கல. சாதா பல்பே ஒண்ணு புதுசா போட்டுடறேன். பத்து வாட்டு, ஜல்தியா முடிஞ்சிடும்."

அவர் கடைக்குள் போய் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துவந்தார். பத்து வாட். அதை மாட்டிவிட்டால் அக்டோபர் வரை காருக்குள் நான் போக முடியாது.

"திருப்பிப் போடுங்க" என்றேன்.

"இன்னா தங்கச்சி?"

"முனைய மாத்தி. அது டயோடு. ஒரு பக்கம்தான் போகும்."

அவர் வெள்ளையைக் கழற்றித் திருப்பிப் பொருத்தினார். காருக்குள் வெளிச்சம் நிறைந்தது. அத்தை மடியிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டில் பொடி எழுத்தில் போட்டிருந்த எடையைக்கூட வெளியில் நின்றே படித்தேன்.

"ஃபிசிக்ஸ் படிச்ச பொண்ணுன்னா சும்மாவா!" என்றார் மாமா. கல்யாணமாகி பதினான்கு மாதத்தில் அவர் என்னைப் பாராட்டியது அப்போதுதான். பிறகு சுஃப்யானிடம் திரும்பினார். "அப்ப அந்த நீலமும் நல்ல பல்புதான். அதையும் திருப்பிப் போடுப்பா."

விழுப்புரம் வரும் வரை மாமா விளக்கை அணைக்க விடவில்லை. நான்கு பேரும் நீலமாக உட்கார்ந்து வந்தோம். டோல்கேட்டில் சீட்டு கொடுத்தவர் உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து இறங்கியதும் ஆஸ்வின் மெதுவாகச் சொன்னார். "லைட்டு லைட்டுதானே பிரின்சி."

திங்கட்கிழமை மாலை மாமா கோயிலுக்குப் போனதும், கரண்ட் போனதும், காரில் ஏறிச் சுவிட்சைப் போட்டேன். அச்சடித்த புத்தகத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்க முடிந்தது. என் நோட்டைத் திறந்தேன். பக்கங்கள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தன. எழுதி அழித்த பென்சில்போல அங்கங்கே ஒரு நிழல். நோட்டு முழுவதும் நீலப் பேனாவால் எழுதியது. நீல வெளிச்சத்தில் வெள்ளைத் தாளும் நீலம், மையும் நீலம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத்தான் நான் நடத்த வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஐந்து சிவப்புப் பேனா வாங்கிவரச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் ஆஸ்வின் வாங்கி வந்தார். சிவப்பு மை நீல ஒளியை உறிஞ்சும், கறுப்பாகத் தெரியும். கரண்ட் இருக்கும் மணி நேரங்களில் நோட்டு முழுவதையும் மறுபடி எழுத ஆரம்பித்தேன். இல்லாத மணி நேரங்களில் காரில் படித்தேன். ஒளி முடிந்தது, வெப்பம் முடிந்தது, குழந்தை உளவியல் பாதி.

சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குக் கிளம்பிய மாமா என் பக்கத்தில் நின்றார்.

"இன்னாம்மா, பூரா சிவப்புல எழுதிக்கினு கீற?"

"அந்த வெளிச்சத்துல சிவப்புதான் மாமா தெரியுது."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

"எந்த வெளிச்சத்துல?"

மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது. ஆஸ்வின் செல்போனைப் பார்த்தார். ஒரு பொய்யைத் தேடினேன். கிடைக்கவில்லை.

"வண்டியில."

"எத்தினி நாளா?"

"திங்கக்கிழமைலேர்ந்து."

"பேட்டரி?"

"ஒண்ணும் ஆவாது மாமா. விடிய விடிய எரிஞ்சாலும் காலைல கிளம்பும்."

அவர் நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். "அதுக்குத்தான் கடையில திருப்பிப் போடச் சொன்னியா?"

"வெள்ளைய எரிய வைக்கத்தான் சொன்னேன்."

"வெள்ளைதான் வேணும்னு அப்பவே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேன் மாமா."

அவர் வாசல் பக்கம் போனார். அத்தை மறுபடியும் மல்லாட்டை உரிக்கத் தொடங்கினார்.

"பதினாலாம் தேதி வரைக்கும்" என்றார் மாமா, செருப்பை மாட்டிக்கொண்டே. "தொண்ணூறு வந்தா பாத்துக்கலாம். வரலைன்னா இந்த நோட்டு, பொஸ்தகம் ஒண்ணும் வீட்டுல இருக்கக் கூடாது. வண்டியிலயும் இருக்கக் கூடாது."

ஆஸ்வின் தலையை ஆட்டினார். யாருக்கு ஆட்டினார் என்று தெரியவில்லை. பல்பை மாற்றிக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் கரண்ட் போனது. காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் வேர்வை. ஏற்றினேன். அமிலங்களும் காரங்களும் பாடத்தை இன்னும் சிவப்பில் எழுதவில்லை. தேர்வுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். நீலத்தில் இருந்ததை மூக்கருகே பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேட ஆரம்பித்தேன்.