மேகம் வைத்த படம்

கஜந்தினி ஒரு நாளைக்கு நாலைந்து பேரையாவது வெட்டியெடுப்பாள். திருகோணமலை நகரில் ஒரு ஸ்டூடியோவில் அதுதான் அவளுக்குச் சம்பளம் தருகிற வேலை. கலியாண வீட்டில் பத்துப் பேரோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவரைக் கணினியில் தனியே பிரித்தெடுத்து, பின்னால் நிற்கும் சொந்தபந்தத்தை எல்லாம் ஈவிரக்கமில்லாமல் அழித்துவிட்டு, கேட்ட நிறத்தைப் பின்னணியாக வைத்துக் கொடுப்பாள். விசாவுக்கு ஒரு நிறம், பள்ளிக்கூட அட்டைக்கு ஒரு நிறம். செத்தவர்களுக்கு மட்டும் யாரும் நிறம் சொல்வதில்லை. இளநீல வானம், தோளுக்குக் கீழே வெள்ளை மேகம், தலையைச் சுற்றி மெல்லிய வெளிச்சம். அந்தப் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலிப் படம் என்றால் அப்படித்தான் இருக்கும். பஸ்ஸில் போகிறவர்கூட மதிலில் மேகத்தைக் கண்டால் எழுத்தை வாசிக்காமலே உச்சுக்கொட்டுவார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மீன்பிடிக் கிராமமான சல்லியிலிருந்து ஜெயரூபி வந்தாள். முப்பது வயதிருக்கும். தலை சீவியிருக்கவில்லை. அவளுடைய புருசன் சுலக்சனும் தகப்பன் தம்புவும் ஞாயிறு பின்னேரம் ஒரே போட்டில் கடற்றொழிலுக்குப் போனவர்கள், இன்னும் திரும்பவில்லை. என்ஜின் பழுதாகியிருக்க வேண்டும் என்று கரையில் பேசிக்கொண்டார்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஆழ்கடலுக்குத் தள்ளி, நீரோட்டம் வடக்கே இழுக்கிற காலம் என்பதால், வடக்கே புல்மோட்டையிலிருந்து மீனவர்கள் ஐந்து போட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லா வாட்ஸப் குறூப்புக்கும் அனுப்பப்போறன் அக்கா. வேற போட்டுக்காரர் ஆரும் ஏத்திக்கொண்டு போயிருந்தாலும் முகத்தைப் பாத்துச் சொல்லுவினம்தானே. இதில இவரை மட்டும் எடுத்துத் தாங்கோ."

போனில் இருந்தது யாரோ ஒருவருடைய கலியாணப் படம். சிவப்புத் திரைக்கு முன்னால், ஆறேழு பேருக்கு நடுவில், வெள்ளைச் சேட்டோடு சுலக்சன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"அப்பாவின்ர படம்?"

"ஒண்டும் இல்லை. ஐடென்டிகாட்டையும் மடியில வைச்சுக்கொண்டு போயிட்டார். ரெண்டு பேரும் ஒரு போட்டிலதானே, இவரைக் கண்டால் அவரையும் கண்ட மாதிரி."

"மேல 'காணவில்லை' எண்டு எழுதவோ, தங்கச்சி?"

ஜெயரூபி சட்டென்று நிமிர்ந்தாள். "வேண்டாம். அந்தச் சொல்லை எழுதின படத்தைப் பிடிச்சுக்கொண்டு, சண்டையில பிள்ளையளைத் துலைச்ச எத்தினை பேர் எத்தினை வரிசமா ரோட்டில நிக்கினம். எங்கட வீட்டுக்கு அது வேண்டாம். ஒரு எழுத்தும் போடாதேங்கோ. முகம் மட்டும் இருக்கட்டும்."

அதுவும் சரிதான் என்று கஜந்தினிக்குப் பட்டது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். காதோரம், நெற்றியில் விழுந்த முடி, சேட்டுக் கொலர் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வெட்டினாள். அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் வழமையைவிடக் கவனமாகவே செய்தாள். அவளுடைய கவனமெல்லாம் முகத்தில் போய்விட்டது. முன்னால் ஒருத்தி அழுதுகொண்டிருந்தால் எந்தப் பின்னணியைத் திறக்க வேண்டும் என்று கைக்கு நாலு வருடப் பழக்கம். கை திறந்தது, வைத்தது, சேமித்தது. ஜெயரூபியின் போனுக்கு அனுப்பியும் விட்டது.

ஜெயரூபியும் முகத்தைத்தான் பார்த்தாள். வேறு எதைப் பார்ப்பாள்? "வடிவா வந்திருக்கிறார்," என்று சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். படியிறங்கும்போதே அனுப்பத் தொடங்கிவிட்டாள்.

ஒன்றரை மணிக்குக் கஜந்தினி சோற்றுப் பார்சலை அவிழ்த்து இரண்டு வாய்கூட வைத்திருக்கமாட்டாள், அவள் குடியிருக்கும் லிங்கநகரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். 'உங்கட ஸ்டூடியோ வேலைபோல கிடக்கு. பாவம், சின்ன வயசு. பிரேதம் எங்க கிடைச்சதாம்?'

கஜந்தினி படத்தைப் பெரிதாக்கினாள். சுலக்சன் மேகத்துக்கு மேலே சிரித்துக்கொண்டிருந்தான். தலையைச் சுற்றி வெளிச்சம். கீழே நூற்றுக்கணக்கில் கும்பிடும் கைகளும் ஆழ்ந்த அனுதாபங்களும். சோற்றுப் பார்சலைத் தள்ளிவைத்தாள். 'நாசமாப் போவாளே, என்ன செய்து வைச்சிருக்கிறாய்?' என்று தன்னையே திட்டினாள்.

வானத்தை அழித்து வெறும் வெள்ளையை வைக்க அவளுக்கு ஒரு நிமிசம்கூடத் தேவைப்படவில்லை. புதுப் படத்தை ஜெயரூபிக்கு அனுப்பினாள். பார்த்ததற்கான அடையாளம் வரவில்லை. அழைத்தாள். வேறு யாரோ ஒரு பெண் எடுத்தாள், பின்னால் ஒப்பாரி கேட்டது.

"அக்கா, அது பிழையான படம். அவருக்கு ஒண்டும்..."

"எங்க கிடைச்சவராம்? ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போயினம்?" என்று அந்தப் பெண் தன்பாட்டில் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

கஜந்தினி ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். உப்புவெளி தாண்டும்வரை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனாள், பிறகு யோசனையும் ஓடவில்லை. சல்லியில் அந்த வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் தொடக்கத்திலேயே வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். லாண்ட்மாஸ்டர் கைட்ராக்டரில் இருந்து பிளாஸ்ரிக் கதிரை இறக்கினார்கள். நம்முடைய சனம் உயிரோடு இருக்கிறவனுக்கு ஒரு உதவி செய்ய நாள் எடுக்கும், செத்த வீட்டுக்குக் கதிரை இறக்க ஒரு மணித்தியாலம் போதும்.

அனுதாபங்கள் வந்து குவிந்ததில் ஜெயரூபியும் நம்பிவிட்டாள், முற்றத்து மண்ணில் கிடந்தாள். "எனக்கு ஒளிச்சுப்போட்டீங்கள்! எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் ஒளிச்சுப்போட்டீங்கள்!" என்று மண்ணில் அறைந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்களை விலக்கிக்கொண்டு கஜந்தினி முன்னால் போய் விழுந்தாள்.

"ஒருத்தரும் சாகேல்லை தங்கச்சி! ஒருத்தரும் ஒண்டையும் காணேல்லை. அந்த மேகம் நான் வைச்சது. கை தவறி நான் வைச்சது!"

ஜெயரூபி போனை வாங்கி, அப்போதுதான் முதல்தரம் புருசனுடைய முகத்துக்குப் பின்னால் பார்த்தாள். தன்னை அடிக்கப்போகிறாள் என்றே கஜந்தினி நினைத்தாள், அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். ஆனால் ஜெயரூபி மீன்பிடிக்காரனுடைய மகள், மீன்பிடிக்காரனுடைய பெண்சாதி. அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"தேடப்போன போட்டுகள்?"

புல்மோட்டையில் தேடுதலுக்குத் தலைமை தாங்கிய கலீலுர் றஹ்மானின் இலக்கத்தை ஜெயரூபி மனப்பாடமாகச் சொன்னாள். கஜந்தினி தன்னுடைய போனில் அடித்தாள். மூன்றாவது தரம்தான் எடுத்தார்.

"எண்ணெய் அடிக்கப் பதினொரு மணிக்குக் கரைக்கு வந்தம். வந்த நேரம் எல்லாப் போன்லயும் படம். கரையொதுங்கின மையித்தக் கண்டுட்டாங்கன்னு நினைச்சம் தங்கச்சி. மவுத்தான ஆளத் தேடி என்ன செய்ற? போட்டக் கரைக்கு இழுத்துப் போட்டுட்டம்."

கஜந்தினி மணியைப் பார்த்தாள். மூன்றாக ஐந்து நிமிசம் இருந்தது.

"றஹ்மான் நானா," என்று அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள். "அது என்ர பிழை. நான்தான் அந்தப் படத்தைச் செய்தனான். ஒருத்தரும் ஒண்டையும் காணேல்லை. அவையள் இன்னும் கடலிலதான் கிடக்கினம். இன்னும் மூண்டு மணித்தியாலம் வெளிச்சம் இருக்கு. போங்கோ நானா, உங்கட கால்ல விழுறன்."

மறுபக்கத்தில் "அல்லாஹ்," என்ற ஒரு சொல். அதோடு தொடர்பு அறுந்தது. அவர் போகிறாரா, கோபத்தில் வெட்டிவிட்டாரா என்று தெரியவில்லை. திரும்ப அடித்தால் யாரும் எடுக்கவில்லை.

பிறகு காத்திருப்புத்தான். கதிரைகளைத் திரும்ப ஏற்றுவதா விடுவதா என்று தெரியாமல் ஆண்கள் அவற்றிலேயே இருந்தார்கள். ஜெயரூபி கடற்கரைக்குப் போய் ஈர மணலில் குந்தினாள். கஜந்தினியும் பின்னால் போய், பத்தடி தள்ளி நின்றாள். கிட்டப் போகவும் பயம், வீட்டுக்குப் போகவும் மனம் இல்லை. "படம் பிடிக்கிறவளுக்கு உயிருக்கும் சாவுக்கும் வித்தியாசம் தெரியாதோ?" என்று ஒரு கிழவி காதில் விழும்படி கேட்டாள். கஜந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். பதினொன்றிலிருந்து மூன்று வரைக்கும் விரல் விட்டு எண்ணினாள், எத்தனை தரம் எண்ணினாலும் நாலு மணித்தியாலம்தான் வந்தது.

ஐந்தே முக்காலுக்குக் கையிலிருந்த போன் அதிர்ந்தது. கடைசியாகப் பேசிய இலக்கம் அவளுடையது என்பதால் கலீலுர் றஹ்மான் அவளுக்கே அடித்திருந்தார். என்ஜின் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

"கண்டுட்டம் தங்கச்சி! மருமகன் ஹயாத்தோட, உசிரோட இருக்காரு. தண்ணி குடுத்தம், குடிச்சாரு."

கஜந்தினி உடனே கேட்டாள், "தம்பு ஐயா?"

என்ஜினைக் குறைக்கச் சொல்லி அவர் யாரிடமோ கத்தினார்.

"சொல்லுங்கோ நானா, தம்பு ஐயா?"

"நாங்க தூக்கக்குள்ள உடம்பு சூடாத்தான் இருந்திச்சு. ரெண்டு மணி வரைக்கும் கதைச்சுக்கிட்டு இருந்தாராம்." என்றுவிட்டுத் தொடர்ந்தார். "எண்ணெய் அடிச்சுட்டுப் போவமெண்டு இருந்தமே, அந்தப் பக்கத்துலதான் கிடந்தாங்க. இத அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லாதீங்க. சொல்லி என்ன வரப்போகுது? போட்டத் திருப்பினவன் நான்."

போனை இறக்கும்போது ஜெயரூபி எழுந்து முன்னால் வந்து நின்றாள்.

"கிடைச்சிட்டினமோ?"

"ஓம்."

"ரெண்டு பேருமோ?"

கஜந்தினி உயிரோடு இருப்பவனிடமிருந்து தொடங்கினாள். "சுலக்சன் தண்ணி குடிச்சவராம்," என்றாள். ஜெயரூபியின் முகத்தில் ஒரு சந்தோசம் பொங்கி வந்தது. மூன்று நாளாகச் செத்துக் கிடந்த முகம் அது. அடுத்த பெயருக்காக அவள் கஜந்தினியின் வாயைப் பார்த்தாள். பெயர் வரவில்லை. சந்தோசம் அந்த முகத்தை விட்டுப் போகவும் தெரியாமல், இருக்கவும் தெரியாமல் நின்றது.

"அப்பா?" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி.

அப்பா இல்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தச் சொல்லித்தான் அந்த மனிதரும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். ஆனால் இந்தப் பெண்ணை ஒருதரம் பொய்யாக அழவைத்தவள் அவள். இனியொரு பொய்யைச் சொல்லிவிட்டு அந்த முகத்துக்கு முன்னால் நிற்க அவளால் ஏலாது.

"ரெண்டு மணி வரைக்கும் கதைச்சுக்கொண்டு இருந்தவராம், தங்கச்சி," என்றாள் கஜந்தினி. "போட்டுகள் திரும்பாமல் இருந்திருந்தால், அப்பாவும் வந்திருப்பார்."