மரகதத்தைக் கழுவியவன்

கல் பதிப்பது என் தொழில். வாயும் கொஞ்சம் நீளம். இரண்டையும் அறிந்த போதகர், பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் பரலோக நகரத்தின் அஸ்திபாரக் கற்களைப் பற்றி ஞாயிறு ஆராதனையில் என்னையே பேசச் சொன்னார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாவது கல் மரகதம். கையில் வைத்துக் காட்டினால்தான் பேச்சு எடுபடும் என்று அண்ணியிடம் மோதிரத்தைக் கேட்டேன். அம்மா கண்மூடுவதற்கு முன் தன் விரலிலிருந்து கழற்றி அண்ணிக்குப் போட்டது அது. மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

சனிக்கிழமை பட்டறையில் அதை நகை கழுவும் மெஷினில் போட்டேன். வைரத்தைப் போடலாம். மரகதத்தைப் போடவே கூடாது. அதன் உள்விரிசல்களை எண்ணெய் விட்டுத்தான் மூடியிருப்பார்கள். மெஷின் அதிர்வில் எண்ணெய் வெளியேறி விரிசல் இன்னும் ஓடும். தொழிலில் முதல் வாரமே படித்த பாடம் இது. பேச்சை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போட்டுத் தொலைத்தேன். வெளியே எடுத்தால் கல்லின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. எண்ணெய் தடவி மறைத்தேன்.

மறுநாள் அதே மோதிரத்தை உயர்த்திப் பிடித்துப் பேசினேன். "தேவனோட சிம்மாசனத்தச் சுத்தி மரகதம் மாதிரி ஒரு வானவில் இருக்காம். நியாயந்தீர்க்கிற இடத்தச் சுத்தியே இரக்கம் நிக்குது. தப்பு செஞ்சவனும் தைரியமா கிட்டப் போகலாம்." முன்வரிசையில் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிறன்றே நான் திருப்பிக் கொடுத்திருந்த மோதிரத்தோடு வியாழக்கிழமை அண்ணி பட்டறைக்கு வந்தார். நான் தடவிய எண்ணெய் போய்க் கோடு பளிச்சென்று தெரிந்தது.

"தம்பி, பாத்திரம் கழுவுறப்ப குழாய்ல இடிச்சிட்டேன் போல. அத்தை என்னை நம்பிக் குடுத்தாங்க, இப்படிப் பண்ணிட்டேன். நீங்க அன்னைக்குப் பேசினதக் கேட்டுத்தான் உங்ககிட்ட சொல்லவே தைரியம் வந்துச்சு. மன்னிச்சிடுங்க."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி. பட்டறையில் எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை.

"பரவாயில்ல அண்ணி, விடுங்க" என்றேன்.

அதோடாவது நிறுத்தினேனா? "இனிமே பாத்திரம் கழுவுறப்ப கழட்டி வச்சிடுங்க" என்று புத்திமதி வேறு. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் அண்ணி எழுந்தார். விரலில் மோதிரம் இல்லை. தன் கவனக்குறைவையும் கொழுந்தனின் பெரிய மனசையும் சபை முன்னால் சொன்னார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் தாழ்மை என்றார்கள்.