தனித் தட்டு

அந்த மாணவியர் விடுதியின் சமையலறைக்கு ஒரு விதி உண்டு. அங்கே வேலை செய்பவருக்கோ, அவர் வீட்டில் யாருக்கோ தொண்டைக் காய்ச்சல் என்றால், ஒரு வாரம் அடுப்பங்கரைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. நல்ல விதிதான். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் சாப்பிடுகிற இடம். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் என்ன நடக்கும் என்று இப்போது அங்கே சமைக்கிற பெரிய கரண்டிக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் இருந்த சமையல்காரி அப்படி வெளியே போனவள்தான். மாற்றாளாக வந்து நின்றவள் இவள். பழையவள் குணமாகித் திரும்பியபோது அடுப்பும், அதற்குப் பின்னாலிருந்த அறையும் கைமாறிவிட்டிருந்தன. பழையவள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பெரிய கரண்டி என்பது விடுதிப் பிள்ளைகள் வைத்த பெயர். அளந்து ஊற்றத் தெரியாத கை அவளுக்கு. புருஷன் எங்கே, யாரோடு இருக்கிறான் என்று யோசிப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். அவளுக்கென்று இருந்தது அந்த அறையும் ஒரு மகளும். ஒன்பது வயது. பிடித்துப் பார்த்தால் எலும்புதான் கையில் தட்டும். குச்சி என்று கூப்பிடுவார்கள்.

மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த நாட்களில் குச்சிக்குக் காய்ச்சல் வந்தது. எச்சில் விழுங்கவே முகம் கோணியது. அம்மாக்காரி வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். ரத்தச் சிவப்பு, மேலே வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

"யார் கேட்டாலும் தொண்டை நல்லாருக்குன்னு சொல்லணும். புரியுதா?"

"ஏம்மா?"

"இந்த ரூம்ல இருக்கணுமா வேணாமா?"

காய்கறி நறுக்குகிற அக்கா மட்டும் மோப்பம் பிடித்துவிட்டாள்.

"நம்ம விடுதி நர்ஸம்மாகிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வாயேன்டி. கூப்பிடுற தூரத்துலதானே உக்காந்திருக்கு."

"காட்டுனா வார்டன் காதுக்குப் போயிடும். அப்புறம் நீயாக்கா எனக்கு வீடு குடுப்ப?"

"என் வீட்டுல எனக்கே படுக்க இடமில்ல. மாமியாரு குறுக்கால படுக்குது."

இருவரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

பெரிய கரண்டி அலட்சியமாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. மகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் ஒதுக்கினாள். இரண்டையும் கொதிக்கிற நீரில் போட்டு எடுத்தாள். தன் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் சமைத்தாள். மகளை உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தாள். காய்ச்சல் சில நாளில் தானாக இறங்கியது. விடுதியில் ஒரு பிள்ளைக்கும் தொண்டை நோகவில்லை. அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

மழை ஓய்ந்து சில வாரம் கழித்துக் குச்சியின் முழங்கால் வீங்கியது. போர்வை பட்டாலே கத்தினாள். அது வடிந்ததும் கணுக்கால். பிறகு மணிக்கட்டு.

"உன் பொண்ணு உடம்புல வலி வாடகைக்கு வீடு தேடி அலையுது போல" என்றாள் அக்கா.

மூட்டு வலி ஒட்டுகிற நோய் இல்லை. அந்தத் தைரியத்தில் நர்ஸிடம் தூக்கிக்கொண்டு போனாள். நர்ஸ் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"கொஞ்ச நாளைக்கு முன்னாடி தொண்டை வலி ஏதாவது வந்துச்சா?"

வாசலில் வார்டன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். பெரிய கரண்டி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"இல்ல நர்ஸம்மா. தொண்டை நல்லாருக்கு."

அம்மாக்காரி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினாள் நர்ஸ். வலியும் போய்விட்டது.

அதன் பிறகு குச்சியின் கையில் எதுவும் நிற்கவில்லை. டம்ளர் நழுவியது. பென்சில் பறந்தது. திடீரென்று தோளைக் குலுக்கினாள், நாக்கை நீட்டினாள், உதட்டைக் கோணினாள். ஒருநாள் அவித்த முட்டைகளைத் தட்டோடு கொட்டிவிட்டாள். அம்மாக்காரி திட்டிக்கொண்டிருக்கும்போதே முகத்தைக் கோணலாக்கிக் காட்டினாள்.

"பழிப்பா காட்டுற?" பளாரென்று ஓர் அறை விட்டாள்.

"நான் செய்யலம்மா. தானா போகுது."

மகள் தூங்கும்போது கவனித்தாள். கை சும்மா கிடந்தது. தூக்கத்தில் சும்மா கிடக்கிற கை விழித்ததும் ஆடினால் அது திமிர்தானே? அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். அப்புறமும் அடித்தாள்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பிள்ளை சுவரில் சாய்ந்து உட்காரத் தொடங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். எடுத்து வந்ததும் மகளைத்தான் கேட்டாள்.

"பாப்பா, முன்னாடி தொண்டை வலிச்சுதா?"

"இல்ல. நல்லாருந்துச்சு."

"வலிச்சுது டாக்டர்" என்றாள் பெரிய கரண்டி.

"அம்மா!" என்று பதறினாள் பிள்ளை. கட்டிலிலிருந்து எட்டி அம்மாவின் வாயைப் பொத்தப் பார்த்தாள். கை குறி தவறிக் காதில் பட்டது.

டாக்டரம்மா மகளை வெளியே உட்காரவைத்துவிட்டுச் சொன்னாள். தொண்டையில் வந்த கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய உடம்பு, ஆள் மாறித் தன் மூட்டையும் இதயத்தையுமே அடித்திருக்கிறது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. ரத்தம் பின்னால் ஒழுகுகிறது.

"கை ஆடுறதும் அதனாலயா?"

"ஆமா. அது போகப்போக நின்னுடும்."

"வால்வு?"

"மறுபடி தொண்டையில கிருமி வராம இருக்க ஊசி போட்டுட்டே வரணும். பல வருஷம். ஆபரேஷனும் தேவைப்படலாம். அன்னைக்கே மருந்து குடுத்திருந்தா அநேகமா இவ்வளவு தூரம் வந்திருக்காதும்மா."

"கைய ஆட்டுனதுக்கு அடிச்சுட்டேன் டாக்டர்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். வெளியே கூட்டம் நின்றது.

விஷயம் தெரிந்ததும் வார்டன், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். வேலை போகவில்லை. அறையும் போகவில்லை.

கை ஆட்டம் நின்ற பிறகு ஒருமுறை ஊசிக்காக மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஊசி போடும் அறை மாடியில். பாதிப் படியில் குச்சி நின்றுவிட்டாள். கழுத்து நரம்பு துடித்தது.

"மூச்சு வாங்குதாடி?"

"இல்லம்மா. படம் பாக்குறேன்."

சுவரில் படம் எதுவும் இல்லை.

"இனிமே யாருகிட்டயும் மறைக்க வேணாம்டி. எங்கிட்டயாவது சொல்லு."

பிள்ளை படியின் மேலேயும் கீழேயும் பார்த்தாள். ஒரு நர்ஸ் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றாள் சத்தமாக, நர்ஸுக்கும் கேட்கும்படி. பிறகு அம்மாவின் கையை அழுத்திப் பிடித்து, பயப்படாதே என்பதுபோல் லேசாகக் கண் சிமிட்டிவிட்டு, மறுபடியும் அந்த வெறும் சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள்.