பல்லுக்கு நாலு பேர்

டெய்லரம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தபோது, அந்த முதியோர் இல்லத்தில் இருந்த ஐம்பத்திரண்டு பேரில் நாலே நாலு பேருக்குத்தான் சொந்தப் பல் இருந்தது. மற்ற நாற்பத்தெட்டு பேரும் பல்லைக் கிண்ணத்தில் ஊறப்போட்டு, வேண்டும்போது எடுத்து மாட்டிக்கொள்ளும் கூட்டம். பல்வலி எப்படி இருக்கும் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. கழற்றி வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அவள் சிரித்து வைத்தாள். சிரித்தாலும் வலித்தது.

வெள்ளிக்கிழமை தோறும் இல்லத்துக்கு வரும் டாக்டர் அவளுடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்து மெச்சிக்கொண்டார். அவள் வாயைத் திறந்து காட்டியதும் அவர் பையை மூடிவிட்டார். பல் அவருடைய பிரிவு இல்லையாம். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், அதற்கு மேனேஜரைத்தான் பார்க்கவேண்டும்.

மேனேஜர் தங்கமான மனுஷன். யாருக்கும் முடியாது என்று சொல்லமாட்டார், விதியை எடுத்துப் படித்துக் காட்டுவார். ஆஸ்பத்திரிக்கு வேன் உண்டு, வேனோடு போக அட்டெண்டர் உண்டு, ஆனால் ஒரே அட்டெண்டர். ஒருவரைக் கண்ணுக்கும் ஒருவரைக் காலுக்கும் ஒருவரைக் காதுக்கும் கூட்டிப்போனால், அந்த மனுஷன் எத்தனை மாடியில்தான் நிற்பார்? ஆகவே நாலு பேர் சேர்ந்தால்தான் வேன் கிளம்பும். நாலு பேருக்கும் ஒரே பிரிவில் கோளாறு இருக்கவேண்டும். இந்த விதியால் அந்த வீட்டில் ஒருவருக்கு முட்டி வலித்தால், மற்றவர்களெல்லாம் ஒரு நப்பாசையோடு தங்கள் முட்டியை அமுக்கிப் பார்ப்பார்கள். பல்செட் வைத்திருப்பவர்கள் யாராவது துணைக்கு வரலாமா என்று டெய்லரம்மா கேட்டாள். கூடாதாம். பல்செட் என்பது உறுப்பு இல்லை, கைத்தடி மாதிரி ஒரு சாமான்.

"எனக்கு உங்க வலி புரியுதும்மா," என்றார் மேனேஜர். "விதிக்குத்தான் புரியல."

வெளிநாட்டில் இருந்த மகன் ஞாயிற்றுக்கிழமை போனில், உடனே டாக்டரைப் பாருங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னான். பார்க்கிறேன் என்று அவளும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள்.

வலியை அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். நாற்பது வருஷம் மிஷினில் குனிந்த முதுகு எத்தனையோ வலியைப் பார்த்திருக்கிறது. ஆனால் மெல்ல முடியாமல் உடம்பு இறங்கிக்கொண்டே போனது. பாவாடை நாடா இரண்டு விரல்கடை உள்ளே போனது, பிறகு நாலு. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. நாற்பது கிலோவுக்குக் கீழே போனவர்களை மேல்மாடிக்கு மாற்றிவிடுவார்கள். மேல்மாடியில் எல்லோருக்கும் கட்டில் உண்டு, கவனிப்பு உண்டு, ஊசியும் கத்தரிக்கோலும் கிடையாது. தையல் மிஷினை ஸ்டோர் ரூமில் போட்டுவிடுவார்கள். மேலே போனவர்கள் கீழே வந்து யாரும் பார்த்ததில்லை. மிஷின் இல்லாமல் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

ஆகவே நாலு பேரைச் சேர்க்கக் கிளம்பினாள். பாட்டு டீச்சருக்கு ஏழு பல். எதற்கும் கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர். போஸ்ட்மாஸ்டருக்கு ஐந்து பல், அதில் ஒன்று அவரையும் படுத்திக்கொண்டிருந்தது.

"கடைசியா தூக்கிட்டுப் போறதுக்குத்தான் நாலு பேர் வேணும்னு நினைச்சிருந்தேன்," என்றார் அவர். "பல்லுக்குமா?" கேட்டுவிட்டு உடனே பெயர் கொடுத்தார்.

இடித்தது கண்டக்டரிடம்தான். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் நின்றே சம்பாதித்தவர், இப்போதும் சாப்பாட்டு ஹாலில் உட்கார யோசிப்பார். அவருக்கு இருந்தது ஒரே பல், முன்வரிசையில், கதவில்லாத வீட்டு நிலைப்படி மாதிரி. அந்தப் பல்லில் நாக்கை வைத்து அவர் ஒரு விசில் அடித்தால் தெருமுனையில் போகும் சைக்கிள் நிற்கும்.

"பல் டாக்டர்னா பல்லைப் பிடுங்குறவர்தானே? பிடுங்கிட்டார்னா என் விசில் போச்சு. மன்னிச்சுக்குங்க டெய்லரம்மா, நான் வரல," என்று சொல்லிவிட்டார்.

அவரும் பயந்துதான் சொன்னார் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கோபம் வந்தது. மூன்று பேரோடு வேன் நின்றது.

மாதத்தின் முதல் திங்கள் எடை பார்க்கும் நாள். போன மாதம் நாற்பத்தொன்று. இந்த மாதம், முந்தின வாரமே சமையல்கட்டுத் தராசில் ஏறிப் பார்த்துவிட்டாள், முப்பத்தொன்பது. தராசில் பார்த்த அன்றே மத்தியானம், எல்லோரும் டிவி முன்னால் தூங்கி வழிந்தபோது, அவளும் டீச்சரும் சாப்பாட்டு ஹாலின் திரைச்சீலைகளின் அடிமடிப்பைப் பிரித்தார்கள். கனமான பழைய திரைகள். காற்றில் பறக்காமல் இருக்க மடிப்புக்குள் ஈயக்கட்டிகள் வைத்துத் தைத்திருந்தார்கள். அது எங்கே இருக்கும் என்பது ஒரு டெய்லருக்குத்தான் தெரியும். கட்டிகளைப் பாவாடையின் விளிம்பிலும் இடுப்புப் பட்டியிலும் வரிசையாக வைத்துத் தைத்தாள்.

அங்கேதான் தொழில்புத்தி காலை வாரிவிட்டது. வேண்டியது இரண்டு கிலோ. ஆனால் எந்த டெய்லரும் துணியை அளவுக்குச் சரியாக வெட்டமாட்டாள். உள்ளே கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவாள், பின்னால் வேண்டுமானால் பிரித்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் விட்டாள், இன்னும் கொஞ்சம் விட்டாள். திங்கட்கிழமை அவள் தட்டுத்தடுமாறி எடை மிஷினில் ஏறி நின்றபோது முள் நாற்பத்தைந்தைக் காட்டியது.

நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் தான் அந்த மாதம் ஆரம்பித்துவைத்த புதுக் கஞ்சியின் மகிமை என்று மேனேஜர் அறிவித்தார். அன்றிலிருந்து ஐம்பத்திரண்டு பேருக்கும் கஞ்சி இரண்டு கரண்டி கூடியது. அதைக் குடிக்க உட்கார்ந்தால் ஜன்னல் திரைகள் பறந்து வந்து கிண்ணத்தில் விழுந்தன. காற்று இந்த வருஷம் பலம்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு இன்னொரு விதியைப் படித்தார். ஒரே மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் ஏறினால் பெரிய ஆஸ்பத்திரியின் எடைப் பிரிவுக்கு அனுப்பியாக வேண்டும். அந்தப் பிரிவுக்கு ஏற்கெனவே மூன்று பேர், மூவரும் நல்ல வாட்டசாட்டமான ஆட்கள், பதினோரு மாதமாக நாலாவது ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் டெய்லரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். குச்சி மாதிரி இருந்த அவளை எப்படி இந்த வரிசையில் சேர்த்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாளில் எண் இருந்தது, அது போதும்.

வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஆஸ்பத்திரியில் அவள் பயந்தது நடந்தது. உடுத்திய துணியோடு எடை பார்க்கமாட்டார்களாம். அங்கி ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். எடை மிஷின் முப்பத்தெட்டைக் காட்டியது.

எடைப் பிரிவு டாக்டர் வயதில் சின்னவள். இல்லத்துத் தாளில் இருந்த நாற்பத்தைந்தையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். நாற்காலியில் மடித்து வைத்திருந்த பாவாடையை ஒரு கையால் தூக்கப் பார்த்தாள், வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கினாள். அட்டெண்டரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"என்னம்மா இது?"

டெய்லரம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. பல், வேன், நாலு பேர், கண்டக்டர், மேல்மாடி, மிஷின் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டாக்டர் பாதிவரை சிரித்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் சிரிக்கவில்லை.

பல் பிரிவு அதே தாழ்வாரத்தில் இரண்டு கதவு தள்ளித்தான் இருந்தது. டாக்டர் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தபோது அட்டெண்டர் குறுக்கே வந்து தாளைக் காட்டினார். இவர் எடைக்கு வந்தவர், பல்லுக்கு நாலு பேர் வேண்டும்.

"இவங்க எடை காணாமப் போயிருக்கு," என்றாள் டாக்டர். "எந்த வழியா போச்சுன்னு தேடப் போறோம். நீங்க அந்த மூணு பேரோட இருங்க."

பல் டாக்டர் நரைத்த மனிதர், அவசரமில்லாதவர். வாயைத் திறக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். இருப்பது நாலு பல். இரண்டு சொத்தை, அவற்றில் ஒன்றுதான் இந்தப் பாடு படுத்தியது. மற்ற இரண்டும் ஆட்டம். நாலையும் எடுத்துவிட்டால் நல்ல செட் ஒன்று கட்டிக் கொடுத்துவிடலாம், பிறகு பல்லுக்காக அவள் ஆயுசுக்கும் இங்கே வரவேண்டியதில்லை.

ஆயுசுக்கும் வரவேண்டியதில்லை. டெய்லரம்மாவுக்கு அதைக் கேட்கத் தேன் வார்த்தது மாதிரிதான் இருந்தது. அப்புறம்தான் போஸ்ட்மாஸ்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேப்பர் படிப்பது ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் பல் உள்ளவர்கள் நாலு பேர். இவள் கழன்றுகொண்டால் மூன்று. மூன்றுக்கு வேன் என்றைக்கும் கிளம்பாது.

ஊசியை எடுத்த டாக்டரின் மணிக்கட்டை அவள் பிடித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு விட்டுடுங்க டாக்டர்."

"அதுவும் ஆடுதேம்மா. இன்னைக்கு விட்டா நாளைக்கு அதுவும் வலிக்கும்."

"வலிச்சா வலிக்கட்டும். அது எனக்கில்ல. அங்க இன்னும் மூணு பேர் இருக்காங்க."

அவர் எடைப் பிரிவு டாக்டரைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். மூன்று பல்லை எடுத்துவிட்டு ஒன்றை விட்டார்.

எடைப் பிரிவிலிருந்து ஒரு கடிதமும் கிடைத்தது: இனி எடை மெதுவாக மாறும், யாரும் பதற வேண்டாம், மேல்மாடி தேவையில்லை. பாவாடையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மேனேஜர் அதைப் படித்துவிட்டு எல்லாம் கஞ்சிதான் என்றார். அவள் வாய் ஆறி, வலியில்லாமல் ஈறாலேயே மென்று சாப்பிட்டு, உடம்பு ஏற ஏற, வாரத்துக்குச் சில கட்டிகளைப் பிரித்தெடுத்துத் திரைகளில் திரும்பத் தைத்துவிட்டாள். சாப்பாட்டு ஹாலில் காற்று அடங்கிக்கொண்டே வந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு வேன் வந்து நின்றபோது டீச்சரும் போஸ்ட்மாஸ்டரும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அட்டெண்டர் போனில் யாரிடமோ பல்லெடுத்த கதையைச் சொல்ல, அது அவர்களுக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. வலி எப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை.

"மிச்சம் ஏதாவது இருக்கா?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

அவள் வீங்கிய வாயைத் திறந்து காட்டினாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்களுக்குப் பின்னால், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த கண்டக்டரும் மெதுவாக வந்து எட்டிப் பார்த்தார். பஸ்ஸில் காலி சீட்டைத் தேடுகிற மாதிரி ஒவ்வொரு இடமாகப் பார்த்தார்.

"நீங்க கேட்டதும் விட்டுட்டாரா?"

"விட்டுட்டார்."

"பிடுங்கணும்னு சொல்லலையா?"

"சொன்னார். வேண்டாம்னேன். விட்டுட்டார்."

கண்டக்டர் தன் பல்லை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு மேனேஜர் அறைக்குப் போய் நோட்டில் நாலாவது பெயரை எழுதினார். வெளியே வந்து, நாக்கை அந்த ஒற்றைப் பல்லில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார். வாசலில் அணைத்து வைத்திருந்த வேனில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பழைய பஸ் டிரைவர். அவருக்குப் பழக்கதோஷம், விசில் கேட்டதும் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார்.