பூவுக்கு அடுத்த எழுத்து

அன்பரசு கதம்பத்தைப் பிய்த்து ஒவ்வொரு பூவாக அப்பாவின் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மல்லியை வைத்தான், தள்ளிவிட்டார். அரளியை வைத்தான், அதையும் தள்ளிவிட்டார். கடைசியாக மருக்கொழுந்தை மூக்கருகே கொண்டுபோனான். ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருக்கிறவருக்கு வாசனை எங்கே தெரியப்போகிறது என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

"காலைலேருந்து பூ பூன்னு உயிர எடுக்கறாரு. குடுத்தா வேணாங்கறாரு. என்னாதான்க்கா பண்ணச் சொல்ற?"

வெண்மதி கட்டிலில் சிதறிய பூக்களைப் பொறுக்கினாள். வாயைத் திறந்தால் சண்டைதான். டாக்டர் வந்து, "இன்னைக்குத் தாண்டறது கஷ்டம், சொல்லவேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றுவிட்டுப் போனதிலிருந்து அக்காவும் தம்பியும் அடித்துக்கொள்ளாத குறை. அப்பாவை முதுநகருக்கு, வீட்டுக்கே கொண்டுபோய்விட வேண்டும் என்கிறான் அவன். சிதம்பரத்திலிருந்து கடலூர் முதுநகருக்கு ஒரு மணி நேரம். இந்த மூச்சு ஒரு மணி நேரம் வண்டியில் தாங்காது, இங்கேயே நிம்மதியாகப் போகட்டும் என்கிறாள் இவள். அவன் கேட்டால்தானே. மூன்று மணிக்கு வேன் பேசிவிட்டு வந்து நிற்கிறான்.

அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியில் உயிர் போனால் பிணம் வாசற்படி தாண்டக்கூடாது என்பது அவர்கள் தெரு வழக்கம். தெருவிலேயே சாமியானா போட்டு, தெருவிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அம்மா இதே ஆஸ்பத்திரியில்தான் போனாள். ஐப்பசி மழையில், சொந்த வீட்டு வாசலில், ஒழுகுகிற சாமியானாவுக்குக் கீழே நாள் முழுக்கக் கிடந்தாள். அப்பா அவள் தலைமாட்டில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கே அன்பரசு முடிவு பண்ணிவிட்டான்.

"பூவுங்கறாரு, தும்பிக்கைங்கறாரு. எனக்கென்னமோ புள்ளையாரே வந்து நிக்கறாருன்னு தோணுது" என்றாள் தில்லையம்மாள். பக்கத்துக் கட்டிலில் புருஷனை வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாளாக இருக்கிறவள். வார்டில் யாருக்கு என்ன நடந்தாலும் அவளிடம் ஒரு விளக்கம் இருக்கும். அவள் பேச்சைக் கேட்டுத்தான் அன்பரசு வெயிலில் கோயிலுக்கு ஓடி இந்தக் கதம்பத்தை வாங்கிவந்தான்.

அப்பா மாஸ்க்கை இழுத்தார். வெண்மதி குனிந்தாள்.

"பூவுக்கு... அப்புறம்..." மூச்சு வாங்கியது. "தும்பிக்க..."

"என்னாப்பா? என்னா வேணும், தெளிவா சொல்லு."

அவர் அவளைத்தான் பார்த்தார். அன்பரசு பக்கம் கண் போகவே இல்லை. நர்ஸ் வந்து, "அவரப் பேச விடாதீங்கம்மா, சாச்சுரேஷன் எறங்குது" என்று மாஸ்க்கை ஏற்றிக் கட்டிவிட்டுப் போனாள். அப்பாவின் வலது கை போர்வைமேல் விழுந்தது. விரல் துணியைக் கிள்ள ஆரம்பித்தது.

தில்லையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "துணியப் புடுங்கறாரு பாரு. இது ஆரம்பிச்சா அப்புறம் ரொம்ப நேரம் இல்லம்மா."

வெண்மதி அந்த விரலையே பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். விரல் கிள்ளவில்லை. மேலிருந்து இறங்கி, திரும்பி, ஏறி, சுழித்து வளைந்தது. மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்தது. பூ. மறுபடியும் பூ. அதற்குப் பிறகு ஒரு வளைவு, அதோடு நின்றுவிட்டது.

"அன்பு, அப்பா எழுதறாருடா."

"ஆமா. அவருக்குத்தான் எழுதத் தெரியுமே."

அவள் நிமிர்ந்தாள். "யாருக்கு? அப்பாவுக்கா?"

அன்பரசு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "தொண்ணூத்திரெண்டுல பெரியவங்களுக்கு எழுத்து சொல்லிக்குடுக்க அறிவொளி வகுப்பு வந்துச்சில்ல, அதுல சேந்தாரு. ஐஸ் கம்பெனிலேருந்து நேரா செலேட்ட தூக்கிட்டு ஓடுவாரு. ஒங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அந்தப் பூனை புக்க முழுசா படிச்சிட்டு அப்புறம் அவகிட்ட காட்டுறேன்னாரு. அப்பறம் என்னாச்சோ, கண்ணு தெரியலன்னு பொட்டில போட்டு மூடிட்டாரு."

பூனை புக்கு.

துறைமுகத்துப் பழைய பேப்பர் கடையிலிருந்து அப்பா கொண்டுவந்த சித்திரக் கதைப் புத்தகம் அது. மீசைக்காரப் பூனை ஒன்று பக்கத்துக்குப் பக்கம் படுத்துத் தூங்கும், தூங்கிக் கனாக் காணும். ஐஸ் கட்டி தூக்கி மரத்துப்போன விரலால் படத்தைத் தொட்டுத் தொட்டு அப்பா படிப்பார். பூனை தலைக்கு மேல் சின்னச் சின்ன வட்டமாக ஏறிப்போய் மேகம் மாதிரி முடியும். அதற்குள்தான் கனா இருக்கும். அந்த வட்டங்களை அவர் நீர்க்குமிழி என்றே எடுத்துக்கொண்டார். அதனால் அவர் படித்த கதையில் பூனை எப்போதும் கடலுக்கடியில்தான் இருந்தது. மூச்சை விட்டபடி முங்கிப்போய் வாளைமீனோடு சண்டை போடும். சுறாவிடம் பாதை கேட்கும். வெண்மதியும் அன்பரசும் அப்படியே நம்பினார்கள். பூனை என்றால் கடலில் முங்கும் என்று அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லி அடி வாங்கியதும் உண்டு.

எட்டு வயதில் அவளுக்கே எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. புத்தகத்தில் கடலும் இல்லை, வாளையும் இல்லை. ஐஸ் கம்பெனி வாசலில், அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டாள். "நீ படிக்கவே இல்லப்பா. படத்தப் பாத்து சொல்ற. ஒனக்கு எழுத்தே தெரியாது." எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் அந்தப் புத்தகத்தைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. இதெல்லாம் அவருக்கு மறந்திருக்கும் என்றுதான் முப்பத்து மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். நினைப்புக்கென்ன, நமக்கு வசதியானதைத்தானே நினைக்கிறோம்.

போனை எடுத்து முதுநகருக்குப் போட்டாள். தம்பி பெண்டாட்டி தனக்கோடிதான் எடுத்தாள்.

"தனம், அப்பா பொட்டியில அந்தப் பூனை புக்கு இருக்குதா பாரேன்."

"நல்லா கேட்டீங்க அண்ணி. நடுவூட்ட ஒழிச்சு வையி, பாய எடுத்து வையின்னு ஒங்க தம்பி நாலுவாட்டி போன் பண்ணிட்டாரு. நீங்க புக்கு கேக்கறீங்க."

"பாருடி. அவரு அதத்தான் கேக்கறாருன்னு நெனைக்கிறேன்."

பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தனக்கோடி வந்தாள். "இருக்குது. அட்டை பாதி போயிடிச்சி."

"மேல என்னா போட்டிருக்கு, படி."

"மீசைப் பூ..." நிறுத்தினாள். "பூனைதான் அண்ணி. படத்துல பூனை இருக்குதே. ஆனா எழுத்து அப்டி இல்ல. பூவுக்கு அப்புறம் என்னாமோ தும்பிக்க மாதிரி வளைச்சி வச்சிருக்கான். அதுக்கப்புறம் 'யின் க'ன்னு இருக்குது, கடைசி எழுத்தும் வெளங்கல. நானும் எட்டாவது படிச்சவதான்."

வெண்மதி எழுந்து நின்றுவிட்டாள்.

"மாமா கூட எங்கிட்ட ஒருவாட்டி இதக் கேட்டாரு" என்றாள் தனக்கோடி. "நானு வந்த புதுசுல. பூனைதான் மாமான்னேன். படத்தப் பாத்து சொல்லாத, எழுத்தப் பாத்து சொல்லுன்னாரு. எனக்கு அடுப்புல கொழம்பு கொதிக்குது. தெரியலன்னுட்டுப் போயிட்டேன்."

வெண்மதி போனை வைத்தாள். அது பழைய எழுத்து. எழுபத்தெட்டில் அரசாங்கம் மாற்றிய எழுத்து. அவள் ஒன்றாம் வகுப்பில் படித்தபோது 'னை'க்கு முன்னால் இணைக்கொம்பு கிடையாது, தலைமேலேயே தும்பிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கும். அப்பா ஐம்பது வயதில் கற்றுக்கொண்டதெல்லாம் புது எழுத்து. சிலேட்டில் அத்தனையும் ஒழுங்காக எழுதிப் பழகிவிட்டு, ஆசையாகப் புத்தகத்தைத் திறந்தால், முதல் வரியிலேயே தெரியாத எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் அதே எழுத்து. படத்தைப் பார்த்துப் பூனை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதுமட்டும் கூடாது என்று இருந்துவிட்டார் பாவி மனுஷன்.

"அக்கா, மணி ரெண்டே முக்கால். வேன் வந்துடிச்சி."

"அஞ்சு நிமிஷம் இருடா."

"ஒன்னால ஏற்கெனவே லேட்டு. போற உசுரு ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

அவள் எக்ஸ்ரே கவரைத் திருப்பி, பேனாவை அழுத்தி, பெரிதாகப் பழைய எழுத்தில் பூனை என்று எழுதினாள். அதற்குக் கீழே புது எழுத்தில் அதையே எழுதினாள். அப்பாவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"அப்பா, இங்க பாரு. பூவுக்கு அப்புறம் இந்தத் தும்பிக்க எழுத்துதானே?"

அவர் கண் அகன்றது. தலை லேசாக அசைந்தது.

"இதுவும் னைதாம்ப்பா. அந்தக் காலத்துல இப்டித்தான் எழுதுவாங்க. அப்பறம் கவர்மெண்ட்ல மாத்திட்டாங்க. நீ படிச்சது புதுசு, புக்குல இருக்கறது பழசு. ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் வெகுநேரம் பார்த்தார். மேல் வரியைப் பார்த்தார், கீழ் வரியைப் பார்த்தார், திரும்ப மேலே வந்தார். கை மாஸ்க்குக்குப் போனது. நர்ஸ் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வெண்மதியே அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டாள்.

"பூ... னை" என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி பேசினார். "அப்ப... நான் தப்பா படிக்கல."

"இல்லப்பா. நீ சரியாத்தான் படிச்சிருக்க." அவள் அவர் காதருகே குனிந்தாள். "அன்னைக்கு அத்தினி பேரு முன்னால நான் அப்டி சொல்லியிருக்கக் கூடாதுப்பா. தப்பு என் மேலதான். மன்னிச்சிடு."

அதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கவரில் காலியாக இருந்த இடத்தை விரலால் தட்டினார்.

"அடுத்தது" என்றார்.

கனா என்று எழுதினாள், தனிக் கால் இல்லாமல் எழுத்தே வாலைச் சுருட்டிக்கொள்கிற பழைய னாவை வைத்து. அவர் படித்தார். அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அன்பரசு எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கால்பக்கம் போய்த் தூக்கினான்.

வேனில் பின்பக்கம் அப்பாவைப் படுக்கவைத்து, ஒருபுறம் அவளும் மறுபுறம் அவனும் உட்கார்ந்தார்கள். சிலிண்டர் காலடியில் உருண்டது. டிரைவர் ஆண்டி ஏறும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா அப்டியே ஆஸ்பத்திரிக்குத் திருப்பிடுவேன் சார். பொணம் ஏத்தற பர்மிட்டு எனக்குக் கெடையாது."

முட்லூர் தாண்டும்வரை அவள் லை எழுதினாள், ளை எழுதினாள். "மொத்தம் பதிமூணு எழுத்துதாம்ப்பா மாத்துனாங்க. இன்னைக்கே முடிச்சிடலாம்." ஒவ்வொன்றுக்கும் அவர் உதடு மாஸ்க்குக்குள் அசைந்தது. சத்தம் வரவில்லை. உதட்டைப் பார்த்தே அவள் சரி சரி என்றாள். ணைக்கும் அசைந்தது.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ணா எழுதிக் காட்டியபோது அசையவில்லை.

அவள் கொஞ்சம் பொறுத்தாள். மாஸ்க்கின் உள்பக்கம் படிந்திருந்த ஆவி மெல்லச் சுருங்கி இல்லாமல் போனது. கண் எழுத்தின்மேல்தான் இருந்தது. அன்பரசு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான், கழுத்தில் கைவைத்துப் பார்த்தான். அவன் வாய் கோணியது. அவள் வாய் திறப்பதற்குள் எட்டி அவள் முழங்காலை அழுத்தினான்.

"அழாதக்கா" என்றான், காற்றாக. "ஊடு போற வரைக்கும். ஒன் கால்ல விழறேன். பேசிக்கிட்டே வா."

மாஸ்க்கை எடுக்கவில்லை. சிலிண்டரையும் மூடவில்லை. அவள் எச்சிலை விழுங்கிக்கொண்டு கவரைத் தூக்கினாள்.

"இது ணாப்பா. இது றா."

ஆலப்பாக்கம் தாண்டி ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டி நின்றது. முன்னால் லாரியும் பஸ்ஸும் வரிசைகட்டி நின்றன. ஆண்டி இறங்கி வந்து பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"பெரியவரு எப்டி இருக்காரு?"

அன்பரசு அப்பாவின் மார்பில் கையை வைத்து, யாருக்கும் தெரியாமல் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். "படிக்கிறாரு" என்றான்.

ஆண்டி அவளைப் பார்த்தான். அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. "இது ணொ. கொம்பு முன்னால, சுழி பின்னால. இது றொ. இது னொ." குரல் உடைகிற இடத்திலெல்லாம் இருமினாள். ஆண்டி கவரைப் பார்த்தான், மாஸ்க்கைப் பார்த்தான். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான். கதவைச் சாத்திவிட்டுப் போய் வண்டியில் ஏறினான். ரயில் போனது. கேட் ஏறியது. அதற்கப்புறம் அவன் வேனை எங்கேயும் மெதுவாக்கவில்லை.

செம்மங்குப்பத்தில் ணோ சொன்னாள். சிப்காட் மதில்கள் முடியும்போது றோ சொன்னாள். முதுநகருக்குள் வண்டி திரும்பியபோது வீட்டு வாசலில் தனக்கோடி கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அன்பரசு கதவின் கொண்டியில் கைவைத்துத் தயாராக இருந்தான்.

"இதுதாம்ப்பா கடைசி" என்றாள் வெண்மதி. "பதிமூணாவது. னோ."

கவரை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பிறகு, வகுப்பில் செய்கிறமாதிரி, அவர் திருப்பிச் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் விட்டாள்.