சுவருக்குள் குடித்தனம்

கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்னவர் ஏன் அதோடு நிறுத்திக்கொண்டார் என்று தெரியவில்லை. வாடகைக்கு விட்டுப்பார் என்றும் சேர்த்திருக்கலாம். காலமெல்லாம் பஸ் ஓட்டியபோது வராத தலைவலி எல்லாம் எனக்கு இந்த மாடி வீட்டால் வந்தது. ஆள் இருந்தால் வீட்டை என்ன பாடு படுத்துகிறார்களோ என்று பயம். இல்லாவிட்டால் கடன் தவணையை எப்படிக் கட்டுவது என்று பயம். திருடன் வருவான் என்று அந்த வீட்டின் சந்துப் பக்கத்து ஜன்னலை உள்ளே பலகை வைத்து அடைத்து, மேலே பெயிண்டும் அடித்துவிட்டேன். "உங்க பயத்தை வாடகைக்கு விட்டா நல்லா போகும்" என்பாள் என் மனைவி.

அங்கே இப்போது குடியிருப்பவர் ஒரு நர்ஸ். சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். இராத்திரி டியூட்டி, பகலில் தூக்கம். அவரால் ஒரு தொந்தரவும் கிடையாது. அவர்தான் போன வாரம் வந்து, "அண்ணா, கட்டில் பக்கத்துச் சுவர் ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொல்றது? இந்த மாசத்தோட காலி பண்ணிக்கிறேன்" என்றார்.

அவர் வருவதற்கு முன்னால் அந்த வீடு ஒரு கோடை முழுக்கப் பூட்டிக் கிடந்தது. இன்னொரு முறை அப்படியென்றால் வங்கிக்காரன் வீட்டையே எடுத்துக்கொள்வான். பயந்தவனுக்கு முதலில் கோபம்தான் வரும். "குளிக்கிறப்ப தண்ணிய வாரி இறைச்சா சுவர் என்ன பண்ணும் சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் விடுவிடுவென்று படியேறிப் போனார்.

மறுநாள் கொத்தனாரை அழைத்துக்கொண்டு போனேன். அடைத்த ஜன்னலுக்குக் கீழே பழுப்பாக ஒரு கறை. அதை நோக்கி எறும்புச் சாரை. தண்ணீர்க் கறையில் எறும்புக்கு என்ன வேலை என்று என் மண்டையில் உறைக்கவில்லை. கொத்தனார் கறையைத் தொட்டார், முகர்ந்தார், பலகையில் காதை வைத்தார். உடனே பின்வாங்கினார்.

"இதுல நான் கை வைக்க மாட்டேங்க. தேனீ வளர்க்கிறவர் ஒருத்தர் இருக்கார், கூப்பிடுறேன்."

தேனீக்காரர் வந்து, புகை போட்டு, ஆணிகளைப் பிடுங்கி, பலகையை மெல்ல விலக்கினார்.

சிஸ்டரும் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். ஜன்னல் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, மெழுகு அடைகள் வரிசையாகத் தொங்கின. நூல் பிடித்துக் கட்டியதுபோல ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. அத்தனையின் மேலும் தேனீக்கள் அசைந்துகொண்டிருந்தன. உள்ளிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று முகத்தில் பட்டது. கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். ஜன்னலின் வெளிக்கதவு இடுக்கு வழியாக, வீடு பூட்டிக் கிடந்த அந்தக் கோடையில் வந்திருக்கும் என்றார் தேனீக்காரர். வீடு காலி, காலி என்று நான் புலம்பிய நாளெல்லாம் உள்ளே பல்லாயிரம் உயிர்கள் பிறந்து உழைத்துக்கொண்டிருந்தன.

"இவங்க பக்கத்துலயா நான் தூங்கிட்டிருந்தேன்?" என்றார் சிஸ்டர். "கீழ்வீட்டு மோட்டார் சத்தம்னு நினைச்சேன். அது கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

"நான் தப்பாப் பேசிட்டேன் சிஸ்டர்" என்றேன். அவர் அடைகளைவிட்டுக் கண்ணை எடுக்காமலே தலையாட்டினார்.

தேனீக்காரர் என்னைப் பார்த்தார். "தேன் ரொம்பி வழியிற அடையை மட்டும் வெட்டிட்டா ஒழுகாது. பலகைக்குப் பதிலா கண்ணாடி போட்டுக்கலாம். இல்ல, மொத்தத்தையும் பெட்டியில ஏத்திட்டுப் போகவா? நீங்கதான் சொல்லணும்."

"இவங்க இருந்தா நானும் இருக்கேன் அண்ணா" என்றார் சிஸ்டர்.

கொட்டினால்? அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தால்? நாளைக்கு வேறு யாருக்கு விடுவது? என் பயங்கள் எல்லாம் வழக்கம்போல முண்டியடித்துக்கொண்டு வந்தன. ஆனால் என் கை ஃபோனை எடுத்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரரிடம் அளவைச் சொன்னேன்.

"எதுக்குங்க, போட்டோ மாட்டவா?"

"இல்லப்பா. உள்ள ஒரு ஊரே குடியிருக்கு" என்றேன். "மெதுவாப் பேசுற ஆளாப் பார்த்து அனுப்பு."