பாலம்மாவுக்கு முதலில் பீலியா, கடலா?

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேராதனைச் சந்தியில் ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். பக்கத்து வாங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பூமிசாஸ்திரத்தை வீட்டிலிருந்து தொடங்கி உலகத்துக்குப் போகவேண்டுமா, உலகத்தில் தொடங்கி வீட்டுக்கு வரவேண்டுமா என்று கேட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ரயில் வந்த பிறகும் மனிதர் விடவில்லை.

2

முதல் தொடக்கம்: "சூரியனைச் சுற்றும் கோள்களில் மூன்றாவதான பூமியில், இந்து சமுத்திரத்தில், இலங்கையில், கண்டிக்கு அப்பால்—"

கதாநாயகர் வந்துசேர்வதற்குள் நீங்கள் கொட்டாவி விட்டுவிடுவீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: "சுந்தரலிங்கம் மாஸ்டரின் கோட்டில் இரண்டாவது பொத்தான் இல்லை. கோட்டுக்கு முன்னால் ஒரு மேசை. மேசைக்கு அப்பால்—"

இந்த வேகத்தில் வாசற்படியைத் தாண்டவே ஐந்து பக்கம் வேண்டும். (மாஸ்டரின் சிக்கலும் இதேதான்.)

3

1932. மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சுந்தரலிங்கமே அங்கே தலைமையாசிரியர், ஆசிரியர், மணி அடிப்பவர். மேலிடத்துச் சுற்றுநிருபம் 'அண்மையிலிருந்து சேய்மைக்கு' என்றது. முதலாம் வகுப்பில் வகுப்பறை, இரண்டில் குடியிருக்கும் லயமும் தண்ணீர் பிடிக்கும் பீலியும், மூன்றில் தோட்டம், நான்கில் கண்டி, ஐந்தில் இலங்கையும் உலகமும். மாஸ்டர் அதை வட்டத்துக்குள் வட்டமாக நாலு நிற மையில் கீறிச் சுவரில் ஒட்டினார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஜூன் தொடக்கத்தில் வேலாயி வந்தாள். கொழுந்து பறிப்பவள், இரண்டாம் வகுப்புப் பாலம்மாவின் தாய்.

"வாத்தியாரய்யா, எம்புள்ளைக்குப் பீலிக்குப் போற வழி சொல்லிக் குடுத்தீங்களாமே?"

"ஓம். படமும் கீறினவள். வடிவாக் கீறினவள்."

"நடக்கத் தெரிஞ்ச நாளா அவதானுங்க தண்ணி தூக்குறா. வழி தெரியலன்னா நீங்க அவகிட்ட கேளுங்க."

மாஸ்டர் சிரித்தார். வேலாயி சிரிக்கவில்லை.

"அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி பத்து வயசு முடியுது. பேரு பதிஞ்சு கொழுந்துக்கு அனுப்பிருவாங்க. அப்புறம் சாகுற வரைக்கும் லயமும் பீலியும்தான். அதுக்குள்ள அந்தக் கடலக் கொஞ்சம் காட்டிப்புடுங்க. எங்கப்பா அதத் தாண்டித்தான் வந்தாராம். எங்கிட்டு இருக்குன்னு எனக்கே தெரியாது."

["அவள் கண்களில் நீர்—" என்று எழுதி வெட்டிவிட்டேன். வேலாயிக்கு அழ நேரமில்லை. மத்தியானக் கொழுந்து நிறுக்க ஓடவேண்டும்.]

மாஸ்டர் பதிவேட்டைப் புரட்டினார். ஏழு வருடங்களில் ஐந்தாம் வகுப்பை எட்டியவன் ஒருவனே: கணக்கப்பிள்ளையின் மகன். உலகம் முழுவதும் அவன் ஒருவனுக்குத்தான் காட்டப்பட்டிருந்தது. மாஸ்டருக்கு வெட்கமாகிவிட்டது. படத்தைக் கழற்றித் தலைகீழாக ஒட்டினார். வட்டங்களாச்சே, எப்படி ஒட்டினாலும் அப்படியேதான் இருந்தது. ஆகவே பாடத்தைத் தலைகீழாக்கினார். முதலில் கடல், பிறகு கண்டங்கள். பீலி கடைசியில், நேரமிருந்தால்.

4

ஜூன் 28. பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி இராமநாதன் வந்தார். (முதற்படியில் இவரைத் தொந்தியும் பிரம்புமாக வில்லனாக்கியிருந்தேன். அது அநியாயம், மனிதர் தம் முறையை மனதார நம்புகிறவர். பிரம்பைப் பிடுங்கிவிட்டேன்.)

பாலம்மாவை எழுப்பினார்.

"உன் வீட்டுக்கு மிக அருகிலுள்ள நீர்நிலை எது?"

"இந்து சமுத்திரங்க."

"அதைவிடக் கிட்ட?"

அவள் நன்றாக யோசித்தாள். "வங்காள விரிகுடா."

வித்தியாதரிசி மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"என்ன மாஸ்டர் இது? முதல்ல வீடு, பிறகு ஊர், கடைசியாத்தான் உலகம். ஒரு முறை இருக்கெல்லோ?"

"இருக்கு ஐயா. ஆனா இந்தப் பிள்ளையள் கடைசி மட்டும் இருக்காதுகள்."

"உங்கட வேலைக்கே மோசம் வரும்."

"தெரியும் ஐயா," என்றார் மாஸ்டர்.

வித்தியாதரிசி குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, பேனாவை மையில் தோய்த்தார்.

5

முடிவு அ: 'மிக நன்று' என்று எழுதுகிறார். (எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு ஆ: மாஸ்டர் பெட்டியோடு கண்டி ரயில் நிலையத்தில்—

முடிவு இ: பாலம்மா வளர்ந்து ஒரு கப்பலில்— (வேண்டாம். ஆசைக்கும் ஓர் அளவு உண்டு.)

நீங்களே முடியுங்கள். வித்தியாதரிசியை விட்டுவிடலாம், அவர் எதை எழுதினாலும் மேலிடம் போய் உத்தரவாகத் திரும்ப ஒரு மாதம் பிடிக்கும். பாலம்மாவுக்கு மிச்சம் இரண்டே நாள். ஆசியாவும் ஐரோப்பாவும் முடிந்தன. ஆபிரிக்கா பாதியில் நிற்கிறது. இரண்டு அமெரிக்காவையும் தொடவே இல்லை. அவள் சிலேட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சொல்லுங்கள், நாளைக்கு எதை நடத்தப் போகிறீர்கள்?